குழம்பு ஊற்றிக்கொள்ளாதவள்

முதல் கல் கஸ்தூரி மெஸ்ஸின் பெயர்ப்பலகையில் பட்டபோது மதிவதனி தெருவின் எதிர்ப்பக்கம், மருந்துக்கடை நிழலில் நின்றிருந்தாள். இரண்டாவது கல்லில் பலகை பிளந்து 'கஸ்தூரி' கீழே விழுந்தது, 'மெஸ்' மட்டும் ஆணியில் தொங்கியது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கதவுக்கு ஏற்கெனவே அரக்கு முத்திரை வைத்தாகிவிட்டது, அடுப்பு அணைந்தும் சில நாளாகிறது. மூடிக் கிடக்கிற கடைமேல் கல்லெறிவதில் என்ன வீரம் என்று கேட்க அங்கே ஆளில்லை. மதிவதனியும் கேட்கவில்லை. அந்த முத்திரை விழுந்ததே அவள் சொன்ன ஒரு வாக்கியத்தால்தான்.

செம்மாந்தாங்கல் ஒரு காலத்தில் பழைய பேட்டரிகளை உடைத்துப் பிழைத்த ஊர். உடைத்து, உருக்கி, காரீயத்தை வாரி லாரியில் ஏற்றினார்கள். முதலாளிகள் போதுமான அளவு சம்பாதித்ததும் பட்டறைகளைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மண்ணில் இறங்கிய காரீயத்தை மட்டும் ஊருக்கு விட்டுவிட்டார்கள். கிணறு, போர், ஏரி எல்லாவற்றிலும் அதுதான். ஊர் சாலையில் உட்கார்ந்தது, பஸ்ஸை மறித்தது, அடி வாங்கியது, ஜெயிலுக்குப் போனது. கடைசியில் நீர் வாரியம் மதிவதனியை அனுப்பி வைத்தது.

அவள் கொண்டுவந்தது இரும்புத் தூள். தலைமுடி ஒன்றின் கனத்தில் ஆயிரம் துகளை வரிசையாக நிறுத்தலாம், அத்தனை பொடி. தொட்டியில் கலந்தால் ஒவ்வொரு துகளும் தண்ணீரில் உள்ள காரீயத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அடியில் பதித்த காந்தத் தகடுகள் துகள்களைப் பிடித்துவிடும். காந்தத்துக்குத் தப்பிக் குழாயில் போகிற கொஞ்சநஞ்சத்துக்காகத்தான் துகள்மேல் ஒரு மெல்லிய உறை. அது அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. காரீயத்தை உள்ளே விடும், வெளியே விடாது. குடித்தாலும் விழுங்கிய புளியங்கொட்டை மாதிரி வந்த வழியே போய்விடும். வயிற்று அமிலத்தில் ஊறவைத்துப் பார்த்தாயிற்று, உறை அசையவில்லை. எனவே உறைக்குள் அடைபட்ட காரீயத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்று அவளே எழுதினாள், வாரியமும் தலையாட்டியது. அன்றிலிருந்து தொட்டியின் காரீய மீட்டர் சுழி காட்டியது. ஊர் அவள் கழுத்தில் மாலை போட்டது.

மூன்று வருடம் கழித்து ஆட்களுக்கு வயிற்றைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. ஈறில் நீலமாக ஒரு கோடு. பிறகு ஆட்டோ ஓட்டும் வேலாயுதத்தின் ஏழு வயது மகள் தன்யாவுக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு காரீயம் என்றார்கள். விசாரித்தால் படுத்த அத்தனை பேரும் கஸ்தூரி மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள். வேலாயுதத்தின் மனைவி வெளியூரில் வேலை பார்ப்பதால் அப்பனுக்கும் மகளுக்கும் இரண்டு வேளையும் அங்கிருந்துதான் பார்சல்.

உணவுப் பாதுகாப்பு அதிகாரி தொட்டி நிலையத்துக்கு வந்தார். நாற்காலியில்கூட உட்காரவில்லை. "உங்க தண்ணி எப்படி மேடம்?" என்று கேட்டார். மதிவதனி மீட்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"தண்ணி சுத்தம் சார்," என்றாள்.

மூன்றே வார்த்தை. தண்ணீர் சுத்தம் என்றால் மிச்சமிருப்பது சமைத்தவள். மஞ்சள் தூளில் கலப்படம், மிளகாய்த் தூளில் கலப்படம் என்று சாயங்காலத்துக்குள் ஊரே பேசியது. ஒரு ஊருக்குக் குற்றவாளி தேவைப்பட்டால் புருஷனில்லாத சமையல்காரியைப் போல வசதியான ஆள் கிடைப்பது கஷ்டம்.

மதிவதனியும் அதை நம்பினாள். நம்புவது சௌகரியமாக இருந்தது. அவள் நம்பிக்கையைக் கெடுத்தது அவளுடைய ரத்தம்தான். வாரிய ஊழியர்களுக்கு வருடா வருடம் நடக்கிற பரிசோதனையில் அவளுக்குக் காரீயம் இல்லவே இல்லை என்று வந்தது. முடிவைச் சொன்ன டாக்டர் புனிதா, "நீங்க சாப்பாட்டுக்கு எங்க போவீங்க?" என்று சும்மா கேட்டு வைத்தார்.

"கஸ்தூரி மெஸ்தான். வந்த நாள்லேருந்து."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப உங்களுக்கு ஏன் வரலை?"

மதிவதனி தன் இலையை மனதில் விரித்துப் பார்த்தாள். அதே இலை, அதே சோறு, அதே பொரியல், பொரியலில் அதே மஞ்சள், அதே மிளகாய். பழைய அல்சர் காரணமாக ஒன்றை மட்டும் அவள் தொடுவதில்லை. குழம்பும் ரசமும் வேண்டாம் என்பாள், கூட்டோடும் மோரோடும் முடித்துக்கொள்வாள். கஸ்தூரி குழம்பு வாளியோடு வரும்போதெல்லாம் நக்கலாக, "இந்த மதி குழம்பு ஊத்திக்காத ஆளு, தள்ளுங்கப்பா," என்று தாண்டிப் போவாள். குழம்பு ஊற்றிக்கொள்ளாதவளுக்கு எதற்கு மெஸ் என்று மற்றவர்களும் சிரிப்பார்கள். டாக்டர் அறையை விட்டு வெளியே வரும்போது அந்தச் சிரிப்பு மதிவதனிக்கு ஞாபகம் வந்தது.

முத்திரை முன்கதவுக்குத்தான். பின்பக்கம் ஒற்றை அறையில் கஸ்தூரி குடியிருந்தாள். மதிவதனி போனபோது கதவைத் திறந்தாள், வழிவிடவில்லை.

"இன்னா மேடம், இங்கயும் அரக்கு வைக்க வந்துக்கீறியா?"

இத்தனை நாள் 'மதி' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அந்த 'மேடம்' கல்லைவிடப் பலமாகவே பட்டது.

"அக்கா, குழம்பு எப்படி வைப்பீங்கன்னு தெரிஞ்சுக்கணும்."

"விஷம் எப்ப போடுவன்னு கேளு. நேராவே கேளு."

அப்போதுதான் மதிவதனி அவள் கையைப் பார்த்தாள். வலது மணிக்கட்டு செத்த மாதிரி தொங்கியது, கதவைப் பிடித்திருந்தது இடது கை. ஈறில் நீலக்கோடு பளிச்சென்று தெரிந்தது. ஊரிலேயே மிக மோசமாக நோய் கண்டவள் அவள்தான். யாரும் கவனிக்கவில்லை. சாப்பிட்டவர்களை எல்லாம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், சமைத்தவளை யார் பார்த்தார்கள்? எல்லோருக்கும் போட்டு முடித்த பிறகு அண்டாவின் அடியில் சுண்டிக் கிடப்பதை வழித்து, அதில் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிடுவது அவள் வழக்கம்.

"கை எப்பலேர்ந்து இப்படி?"

"ஒனக்கு இன்னா அதப் பத்தி? தூக்கத்துல அமுங்கிச்சுன்னு நெனச்சேன். கரண்டி புடிக்க முடியல. கட போனதும் நல்லதாப் போச்சு."

வெகுநேரம் திட்டினாள். மதிவதனி அத்தனையையும் நின்று வாங்கிக்கொண்டாள். திட்டி ஓய்ந்த பிறகு, போனால் போகிறது என்கிற மாதிரி குழம்பைச் சொன்னாள். புளியை முதல் நாளே குழாய்த் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். கரைத்த புளியை விடியற்காலையில் அடுப்பேற்றினால் பதினோரு மணி வரை இறக்கக் கூடாது, சுண்டச் சுண்டத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இறக்கியதும் ஒரு பெரிய கரண்டி எடுத்துத் தனியே வைத்து மறுநாள் அண்டாவில் சேர்க்க வேண்டும். நேற்றைய குழம்பில் ஒரு கரண்டி இல்லாமல் இன்றைய குழம்பு கிடையாது. மெஸ் திறந்த நாளிலிருந்து அந்தச் சங்கிலி அறுந்ததே இல்லை. அந்த ருசிக்குத்தான் பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

மதிவதனி நிலையத்தில் அதே மாதிரி செய்து பார்த்தாள். வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள், மீட்டர் சுழியில் நின்றது. கஸ்தூரியின் அலமாரியிலிருந்து எடுத்துவந்த மசாலாவைப் போட்டுக் கொதிக்க வைத்தாள், அப்போதும் சுழிதான். புளியைக் கரைத்து விட்டுச் சுண்டவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மீட்டர் ஏறத் தொடங்கியது. தண்ணீர் விட்டு மறுபடி சுண்டவிட்டாள், மறுபடி ஏறியது. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

வயிற்று அமிலத்துக்கு விடாத உறை, புளியில் வெந்தால் விட்டுவிடுகிறது. புளியின் புளிப்பு காரீயத்தைப் பிடித்து வெளியே இழுக்கிறது. அவளுடைய சோதனைகள் எல்லாமே தண்ணீரைக் குடித்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றியவை. இந்த ஊரில் தண்ணீரைக் குடிப்பது மட்டுமல்ல, குழம்பாகவும் ரசமாகவும் தின்கிறார்கள் என்பது புளி தின்று வளர்ந்த அவளுக்கே தோன்றவில்லை. வீடுகளில் குழம்பு அரைமணி கொதிக்கும், மெஸ்ஸில் அரைநாள் கொதித்தது. அதனால் மெஸ் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். வீடுகளுக்கும் வரும், கொஞ்சம் மெதுவாக வரும். தன் கையாலேயே ஒரு ஊருக்கு விஷம் ஊற்றியிருக்கிறாள்.

வாரியத்தின் இயக்குநர் சபேசனிடம் போனில் சொன்னாள். தொட்டியை உடனே மூட வேண்டும், லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றாள். அவர் நடுவில் பேசாமல் பொறுமையாகக் கேட்டார். அடுத்த மாதம் இதே தூள் இன்னும் நாற்பது ஊர்களுக்குப் போகிறது, விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று.

"குடிச்சா ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார்.

"இல்ல சார். புளி போட்டுக் கொதிக்க வச்சாத்தான்."

"அப்ப புளிதானேம்மா பிரச்சினை? தண்ணியை எதுக்கு நிறுத்தணும்? புளியை நிறுத்து."

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். ஆனால் சொன்னபடியே செய்தார். மூன்றாம் நாள் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத்தெருவாக வந்தது. செம்மாந்தாங்கல் வட்டாரத்துக்கு வரும் புளியில் கலப்படம் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது, பொதுமக்கள் நலன் கருதிப் புளி விற்பதும் வைத்திருப்பதும் சமைப்பதும் தடை செய்யப்படுகிறது. பஸ் நிறுத்தத்தில் போலீஸ் பைகளைத் திறந்து முகர்ந்து பார்த்தது. ஊறுகாய் ஜாடியோடு வந்த மாமியாரை இறக்கிவிட்டார்கள். தார்ச்சாலை ஓரத்தில் வரிசையாகப் புளியமரங்கள் காய்த்துத் தொங்க, அவற்றுக்குக் கீழே ஒரு கான்ஸ்டபிளை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். குழாயில் தண்ணீர் வழக்கம்போல வந்தது.

மதிவதனி ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. எப்படியோ புளி நின்றால் சரி, குழந்தைகள் பிழைத்தால் சரி, யார் மேல் பழி என்பதா இப்போது முக்கியம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். படித்தவர்களுக்குச் சமாதானம் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும். ஆனால் புளி நிற்கவில்லை. குழந்தையின் துணிக்குள் சுற்றி வந்தது, கான்ஸ்டபிள் வீட்டிலேயே ரசம் கொதித்தது. தடை போட்ட பிறகு ருசி கூடிவிட்டதாகக்கூடச் சொன்னார்கள். மெஸ் பக்கமே போகாத வீட்டிலிருந்து ஒரு கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கலப்படப் புளியை ஊருக்குள் முதலில் இறக்கியவள் கஸ்தூரி என்று புதிதாக ஒரு கதை கிளம்பியது. அவள் அறைக்கு மின்சாரத்தைத் துண்டித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தொட்டிக்குக் கீழே ஊர்க்கூட்டம். கஸ்தூரியை ஊரை விட்டு அனுப்புவதுதான் பேச்சு. வேலாயுதம் முன்னால் நின்றான். தன்யா வீடு திரும்பிவிட்டாள், ஆனால் வீட்டுக்குள் நடக்கும்போதே சுவரைப் பிடிக்கிறாள், அப்பா பெயரைச் சொல்லத் திணறுகிறாள். அவன் கண்ணைப் பார்த்துப் பேச மதிவதனிக்குத் தைரியம் வரவில்லை. தரையைப் பார்த்தபடி, கஸ்தூரி மேல் தப்பில்லை, தண்ணீர் மேல்தான் தப்பு, அதைச் செய்தவள் நான்தான் என்று சொன்னாள். உறையைச் சொன்னாள், புளியைச் சொன்னாள், மீட்டர் ஏறியதைச் சொன்னாள். சபேசன் சொன்னதையும் மறைக்காமல் சொன்னாள்.

கூட்டம் கத்த ஆரம்பித்தது. இந்தத் தண்ணீருக்காகப் பல்லை உடைத்துக்கொண்டவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அதைப் பிடுங்கத் தொழிற்சாலைக்காரன் யாரோ இவளை விலைக்கு வாங்கிவிட்டான் என்றார்கள். தினமும் கஸ்தூரி கையால் சாப்பிட்டவள்தானே, விசுவாசம் பேசுகிறது என்றார்கள். வேலாயுதம் குழாயடியில் ஒரு செம்பு பிடித்துக்கொண்டு வந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"தண்ணிதான் விஷம்னா குடி. இப்ப, இங்க."

அவள் வாங்கி முழுவதையும் குடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஆகாது என்று அவளுக்கும் தெரியும். அவள் சொல்ல வந்ததே அதுதான், ஆனால் அதை இனி யார் கேட்கப்போகிறார்கள்? கூட்டம் கைதட்டிச் சிரித்தது. யாரோ பின்னாலிருந்து மண்ணை அள்ளி அவள்மேல் போட்டார்கள்.

கூட்டத்தின் ஓரத்தில் கஸ்தூரி நின்றிருந்தாள். தொங்கிய கையை இடது கையில் ஏந்தியிருந்தாள். அவளைப் பார்த்ததும் கூட்டம் தானாக இரண்டாகப் பிரிந்தது. மதிவதனியின் அருகில் வந்து, அவளுக்கு மட்டும் சொல்கிற மாதிரி ஆரம்பித்தாள். எல்லோருக்கும் கேட்டது.

"அன்னிக்கி மூணு வார்த்த சொன்ன, ஊரே நம்பிச்சு. இன்னிக்கி இம்மாம் நேரம் பேசற, ஒர்த்தரும் நம்பல. நீ இன்னா படிச்ச மேடம்?"

மதிவதனி தலையில் இருந்த மண்ணைத் தட்டிவிடவில்லை. கஸ்தூரியைப் பார்த்தாள், தொங்கும் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு முதல் தடவையாக வேலாயுதத்தின் கண்ணைப் பார்த்தாள்.

"என் ரத்தத்துல காரீயம் இல்ல. டாக்டர் புனிதாகிட்டப் போய்க் கேளுங்க," என்றாள். "இந்த ஊர்ல மெஸ் சோறு தின்னும் ஒண்ணும் ஆகாதவ நான் ஒருத்திதான். ஏன்னா நான் குழம்பு ஊத்திக்கிறதில்ல. நாளையிலேருந்து ஊத்திக்கிறேன். புளி உங்க வீட்டுப் புளி, மசாலா நீங்க வாங்கிக் கொடுக்கிறது. தண்ணி மட்டும் இந்தக் குழாய்த் தண்ணி. வாரா வாரம் எல்லாரும் பார்க்க ரத்தம் கொடுக்கிறேன். காரீயம் ஏறலைன்னா இவங்களோட சேர்த்து என்னையும் அனுப்பிடுங்க."

"ஏறிச்சுன்னா?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"தொட்டியை நீங்களே மூடிடுங்க. வாரியத்துக்குக் காத்திருக்க வேணாம்."

வேலாயுதம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "பக்கத்துலயே உக்காந்து பாப்பேன்," என்றான். "ஒரு வாயி மறச்சு வச்சாலும் விட மாட்டேன்."

மறுநாள் விடியுமுன் அரக்கு முத்திரையை வேலாயுதமே உடைத்தான். புளி அவன் வீட்டுப் புளி, தடைக்குத் தப்பியது. மிளகாயையும் மல்லியையும் எதிர்வீட்டுக்காரி வறுத்து அரைத்துக் கொடுத்தாள். கஸ்தூரி இடது கையாலேயே விடியற்காலையிலிருந்து பதினோரு மணி வரை நின்று சுண்ட வைத்தாள். ஆட்கள் உள்ளே வரவில்லை, ஜன்னல்களில் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தார்கள். தன்யாவை மடியில் வைத்துக்கொண்டு வேலாயுதம் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தான்.

இலை போட்டுச் சோறு வைத்தார்கள். கஸ்தூரி குழம்பு வாளியோடு வந்தாள். பழக்கத்தில் ஒரு எட்டு தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். அவள் முகத்தில் இரக்கம் எதுவும் இல்லை. மதிவதனி அதை எதிர்பார்க்கவும் இல்லை.

"ஊத்துங்கக்கா," என்றாள்.

கஸ்தூரி சோற்றில் குழி பறித்து ஒரு கரண்டி ஊற்றினாள். கறுத்து, எண்ணெய் மிதந்து, மணம் தூக்கியது. மதிவதனி பிசைந்தாள். முதல் வாயிலேயே அல்சர் எரிந்தது. எரிச்சலையும் மீறி நாக்குக்குப் பிடித்திருந்தது, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இத்தனை வருடம் பக்கத்து இலைக்காரர்கள் விரலை நக்கியது இதற்குத்தான். கண்ணில் நீர் முட்ட, சீக்கிரம் முடியட்டும் என்று இலையை மறுபடி நீட்டினாள். போதும் என்று சொல்வதற்கு அவளுக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

கஸ்தூரி கரண்டியை வாளிக்குள் போட்டாள். அதிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துத் தனிக் கிண்ணத்தில் ஊற்றி மூடி வைத்தாள், நாளைய அண்டாவுக்கு.

"ஒரு கரண்டிதான். ரத்தத்துல ஏற நாளாவும்," என்றாள். "நாளைக்கும் வரணும்ல மேடம்."